பழைய வலையில் பை தைக்கிறவர்கள் கவனத்துக்கு

பசை காய்வதற்குள் தூக்காதே, கத்தரிக்கோலைக் கூராக வை என்பதெல்லாம் இரண்டு தடவை கையைக் கெடுத்துக்கொண்டால் தானாக வந்துவிடும். அதை நான் சொல்லப்போவதில்லை. ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபத்திலிருந்து கீழக்கரை வரை எந்த ஊருக்கு வகுப்பு எடுக்கப் போனாலும், புதிதாக வருகிறவர்கள் மீன்வலையைக் கையில் எடுத்ததும் நான் சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

கரையில் கிடப்பதெல்லாம் குப்பை இல்லை

காயப் போட்டிருப்பார்கள். கிழிசல் பார்க்கப் போட்டிருப்பார்கள். ஒரு கல்லூரிப் பையன் கரையில் கிடந்த நண்டு வலையில் நாலு முழம் வெட்டிக்கொண்டு வந்தான். பின்னாலேயே வலைக்காரர் வந்துவிட்டார். திட்டவில்லை. "தம்பி, இது என்ன விலைன்னு தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டு எடுங்கள், கேட்டால் பெரும்பாலும் கூடுதலாகவே தருவார்கள்.

உப்போடு தைப்பது

இதற்குத்தான் இந்தக் கட்டுரையே.

பக்கத்து ஊர் மகளிர் குழு ஒன்று தீபாவளி ஆர்டருக்குப் பை தைத்தது. பச்சை வலை, உள்ளே பருத்தித் துணி, மேலே ஜிப். தையல் அத்தனை நேர்த்தி. அடுக்கி ஓர் அறையில் வைத்தார்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் எனக்குப் போன். "என்னன்னே தெரியலக்கா, தொட்டா பிசுபிசுங்குது. சாரல் அடிச்சிருக்குமோ?" போய்ப் பார்த்தேன். அறையில் ஒரு சொட்டு ஒழுகலில்லை. ஆனால் துணியில் வெள்ளை வெள்ளையாகக் கோடு, ஜிப்பில் துரு, அறை முழுக்கக் கருவாட்டு வாடை. ஆர்டர் கொடுத்தவர்கள் ஒன்றையும் வாங்கவில்லை. வலையை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது. துணியும் ஜிப்பும் கூலியும் போச்சு.

மழைக்காலத்தில் கல் உப்பு ஜாடி ஏன் கசிகிறதோ அதே காரணம்தான். கடல் உப்பில் இருக்கிற மக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். வெயில் காலத்தில் வலை மொறமொறவென்று சுத்தமாகத்தான் தெரியும். ஆவணியில் தைத்த பை கார்த்திகையில் அழும்.

கழுவாமலா தைத்தார்கள்? கழுவினார்கள். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில்! ராமநாதபுரம் கடற்கரையில் பல கிணறுகளில் உவர் நீர்தான் என்பது அந்தக் குழுவில் எல்லாருக்கும் தெரியும். நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற ஊரில், அதைப் பழைய வலைக்கு ஊற்ற யாருக்கு மனசு வரும்? எனக்கும் வராது. ஆனால் அந்தத் தண்ணீர்க் காசைக் கணக்கில் சேர்க்காமல் பைக்கு விலை போடுகிறார்கள் பாருங்கள், அதுதான் எரிச்சல்.

உப்பு இழையில் தங்குவதில்லை, முடிச்சில் தங்குகிறது. ஒரு முடிச்சை ஊசியால் நெகிழ்த்திப் பாருங்கள்: சாம்பல் நிறச் சேறு, இரண்டு மணல், நொறுங்கிய சிப்பித் தூள். மேலாக அலசினால் இது வராது; ஊற வேண்டும். மண்ணும் சிப்பியும் போக முதல் அலசலுக்கு உவர் நீரே போதும். பிறகு நல்ல தண்ணீரில் ஓர் இரவு ஊறல். அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு இன்னொரு இரவு. இரண்டாம் இரவுத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், அடுத்த வலைக்கு அதுவே முதல் ஊறல். முதல் ஊறல் தண்ணீரைச் செடிக்கு மட்டும் ஊற்ற வேண்டாம், முருங்கை கருகிவிடும். பொறுமை இருந்தால் மழைக்காலம் முழுக்க வலையை மொட்டை மாடியில் விரித்துப் போடுங்கள். தண்ணீர் இலவசம்.

உப்பு போய்விட்டதா என்று பார்க்க, கடைசியாகப் பிழிந்த தண்ணீரில் ஒரு சொட்டு, வலை படாத நல்ல தண்ணீரில் ஒரு சொட்டு, இரண்டையும் எவர்சில்வர் தட்டில் விட்டு வெயிலில் காயவையுங்கள். இரண்டின் தடமும் ஒன்றுபோல இருந்தால் தைக்கலாம். பிழிந்த சொட்டு வெள்ளையாகப் படிந்தால் இன்னொரு இரவு. ஜிப் பிளாஸ்டிக்கில் வாங்குங்கள்.

நைலானா, பாலிஎதிலீனா

ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். முங்கினால் நைலான், மேலே வந்தால் பாலிஎதிலீன். நைலான் சாயம் ஏற்கும். பாலிஎதிலீனுக்குச் சாயம் காய்ச்சுவது விறகுக்குக் கேடு. அதன் சொந்த நிறத்தையே வடிவமாக்கிக்கொள்ளுங்கள். எதுவானாலும் முறுக்கி இழுக்கும்போது தூள் உதிர்ந்தால் வெயிலில் செத்த வலை. பைக்கு ஆகாது.

ஈயக்குண்டு

வலை முங்குவதற்காக அடியில் கட்டியிருப்பது. விஷம். குழந்தைகள் வகுப்புக்குக் கொண்டுவரவே கூடாது.

பவளம், கடற்குதிரை

அலங்காரத்துக்கென்று செத்து ஒதுங்கியதையும் எடுக்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

தெர்மாகோல்

ஸ்பிரே பெயின்ட் பட்டால் உருகும். அறுத்தால் உருண்டை உருண்டையாகப் பறந்து கடலுக்கே போகும். விட்டுவிடுங்கள்.

சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்கு

பழைய வலையைக் கருவாட்டின் மேல் காக்காய்க்குப் போர்த்துவதும், கோழிக்கு அடைப்பு கட்டுவதும் இங்கே எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நாம் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி பேசினால் ஆச்சிகள் சிரிப்பார்கள். (வேலியாகக் கட்டுகிறவர்கள் தரையோடு விடாதீர்கள். பாம்பு சிக்கும், எடுப்பதற்குள் உயிர் போய்விடும், அதற்கோ நமக்கோ.) அலங்காரப் பொருளைவிட வெங்காயம் தொங்கவிடும் பை, சந்தைப் பை என்று தினமும் கைபடுவதைச் சொல்லிக்கொடுங்கள்.

முடிச்சு கற்க என்னிடம் வராதீர்கள், வலைக்காரரிடம் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில்தான் இருப்பார்கள், கழித்த வலையும் அப்போதுதான் நிறையக் கிடைக்கும். ஆனால் அவர்களுக்கு அது வருமானமில்லாத நேரம். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கற்றுக்கொண்டால் அரைநாள் கூலியாவது கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.