இஃப் வாக்கியம் பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்டிஷனல், அதாவது ஆங்கிலத்தில் 'இஃப்' போட்டு நிபந்தனை சொல்லும் வாக்கியம் என்றதும் டைப் ஒன்று, டைப் இரண்டு, டைப் மூன்று என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறவர்கள் பலர், பேச வரும்போது தடுமாறிப் போகிறார்கள். எண்ணை மனப்பாடம் செய்வதில்தான் கோளாறு. நடக்கக்கூடியதா, கற்பனையா, கைவிட்டுப் போனதா என்று முதலில் முடிவு செய்யுங்கள். வினைச்சொல் அப்புறம்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தமிழில் பல நேரம் அந்த முடிவை எடுக்க வேண்டியதே இல்லை. 'பணம் இருந்தால் வாங்குவேன்' என்று அடுத்த வாரம் சம்பளம் வாங்கப் போகிறவரும் சொல்வார், காசே இல்லாமல் ஏங்குகிறவரும் சொல்வார். ஆங்கிலம் அப்படி விடாது. முதலாமவர் 'இஃப் ஐ ஹேவ் தி மணி, ஐ வில் பை இட்' என்பார். இரண்டாமவர் 'இஃப் ஐ ஹேட் தி மணி, ஐ வுட் பை இட்' என்பார். இந்த 'ஹேட்' இறந்தகாலம் இல்லை, பேச்சு இன்றைய பணத்தைப் பற்றியதுதான். நிஜத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன் என்று காட்டவே வினை ஒரு படி பின்னால் போகிறது. 'இஃப் ஐ வேர் யூ' என்பதும் இதே கணக்குதான்.

அடுத்து, 'இஃப் இட் வில் ரெயின் டுமாரோ'. நாளை என்றதும் 'வில்' போடக் கை பரபரக்கும். ஆனால் தமிழிலும் 'நாளைக்கு மழை பெய்தால்' என்றுதானே சொல்கிறோம், அதில் எதிர்காலம் எங்கே இருக்கிறது? 'இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ, வீ வில் ஸ்டே அட் ஹோம்' என்பதே சரி. 'வில்' மறுபாதிக்குப் போகட்டும். 'இஃப் யூ வில் வெயிட் எ மினிட்' என்று பணிவாகக் கேட்பது போன்ற சில இடங்கள் விதிவிலக்கு.

'சொல்லியிருந்தால் வந்திருப்பேன்' என்பதில் இரண்டு பக்கமும் 'இரு' வருகிறது. அதே பழக்கத்தில் 'இஃப் யூ வுட் ஹேவ் டோல்ட் மீ, ஐ வுட் ஹேவ் கம்' என்று எழுதிவிடுகிறார்கள். அமெரிக்கர்கள் சிலர் பேச்சில் இப்படிச் சொல்வதுண்டு. தேர்வில் மதிப்பெண் போய்விடும். 'இஃப் யூ ஹேட் டோல்ட் மீ' என்று எழுதுங்கள்.

'இல்லாவிட்டால்' என்று பொருள் தரும் 'அன்லெஸ்' வந்தால் 'நாட்' வேண்டாம், மறுப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. 'இஃப் சப்போஸ்' என்று இரண்டையும் சேர்க்கவும் வேண்டாம், ஒன்று போதும்.

பயிற்சியில் கோடிட்ட இடத்தை மட்டும் நிரப்பிக்கொண்டிருக்காதீர்கள். அடைப்புக்குள் வினையைக் கொடுத்துவிட்டால் யோசிக்கவே வேலை இல்லை. ஒரே விஷயத்தை மூன்று விதமாக எழுதிப் பாருங்கள். பஸ் இன்னும் வரவில்லை: 'இஃப் ஐ மிஸ் தி பஸ், ஐ வில் பி லேட்'. பஸ்ஸைத் தவறவிடும் வழக்கமே இல்லாதவர் சும்மா கற்பனை செய்கிறார்: 'இஃப் ஐ மிஸ்ட் தி பஸ், ஐ வுட் டேக் அன் ஆட்டோ'. பஸ் போயே போய்விட்டது: 'இஃப் ஐ ஹேட் லெஃப்ட் ஏர்லியர், ஐ வுட் ஹேவ் காட் தி பஸ்'. மூன்றும் சரளமாக வந்தபின் நான்காவதாக இதை எழுதுங்கள்: 'இஃப் ஐ ஹேட் காட் தி பஸ், ஐ வுட் பி அட் ஒர்க் நவ்'. முன்பாதி காலையிலேயே கைவிட்டுப் போனது, பின்பாதி இந்த நிமிடத்து நிலை. டைப் எண்ணை மட்டும் நம்பியவர்கள் திணறுவது இந்த இடத்தில்தான்.