பைக் எடையை ஒப்பிடும்போது செய்யக் கூடாதவை

போன ஞாயிறு காலை ஈ.சி.ஆர். டீக்கடையில் ஒரு தம்பி போனில் இரண்டு பைக்குகளின் விவரத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணா, இது எட்டு கிலோ கம்மி. இதையே புக் பண்ணிடறேன்." எனக்கு டீ புரையேறிவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே வசனம்.

டிரை வெயிட்டையும் கெர்ப் வெயிட்டையும் ஒன்றாக நினைப்பது

என் வீடு திருவல்லிக்கேணியில். தினமும் ராத்திரி வண்டியைச் சாய்வுப் பலகையில் ஏற்றி, நடைக்குள் தள்ளி நிறுத்த வேண்டும். அதனால் லேசான வண்டியாகத் தேடினேன். ஒன்று 169 கிலோ, இன்னொன்று 177. லேசானதற்கு 22,000 ரூபாய் அதிகம். கொடுத்தேன்.

முதல் வாரமே இடுப்பு சந்தேகப்பட்டது. புதுப்பேட்டையில் ஒரு பழைய இரும்புக் கடைக்கு ஓட்டிப் போனேன். "புது வண்டியை எடைக்குப் போட வந்தீங்களா?" என்றார் கடைக்காரர். தராசு காட்டியது 186. நண்பனின் 177 கிலோ வண்டி, அதே தராசில் ஏறக்குறைய 177.

என் 169 டிரை வெயிட். பொடி எழுத்தில் இருந்தது. அதாவது பெட்ரோல், ஆயில், கூலன்ட், பேட்டரி எதுவும் இல்லாமல். நண்பனின் 177 கெர்ப் வெயிட். அதாவது இவை எல்லாம் சேர்ந்து, ஓடத் தயாரான வண்டியின் எடை. பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ கனக்கும். என் 15 லிட்டர் டேங்குக்கே 11 கிலோ. பேட்டரி மூன்று, ஆயிலும் கூலன்ட்டும் சேர்ந்து மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, லேசு என்று காசு கொடுத்து வாங்கியது ஒன்பது கிலோ கனமான வண்டியை. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான்.

கெர்ப் வெயிட் என்றாலும் எல்லாரும் ஒரே மாதிரி அளப்பதில்லை. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-க்கு 195 கிலோ என்று போடுவது 90 சதவீத பெட்ரோலோடு. டுகாட்டி இப்போது மற்ற திரவங்களைச் சேர்த்து, பெட்ரோலை மட்டும் விட்டுவிடுகிறது.  

லாரி எடைமேடை

காட்டும் எடை ஐந்து, பத்து கிலோவாகத் தாவும். வேண்டாம்.

ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்றி அளப்பது

தராசு சின்னதாக இருந்தால் முன்சக்கரம், பின்சக்கரம் எனத் தனித்தனியாக அளந்து கூட்டலாம். ஆனால் கீழே இருக்கும் சக்கரத்துக்குத் தராசின் உயரத்துக்குப் பலகை வையுங்கள். இல்லையென்றால் வண்டி சாய்ந்து கணக்கு கெடும். சைடு ஸ்டாண்டில் விடாதீர்கள். ஒருவர் லேசாக நேராகப் பிடித்தால் போதும், அழுத்தக் கூடாது.

அரை டேங்கோடு அளப்பது

நிரப்பிவிட்டு அளந்து பாருங்கள்.

மாட்டப்போவதை மறப்பது

கிராஷ் கார்டு, சேலை கார்டு, பின்பெட்டி எல்லாம் எடைதான். எட்டு கிலோவுக்குக் கணக்குப் போட்ட அந்தத் தம்பி, லடாக் போக இரண்டு பக்கப் பெட்டிகளை ஏற்கெனவே ஆர்டர் போட்டிருந்தான். இரும்புப் பெட்டி.