சின்ன அலுமினிய ஜாப்ல ஃபினிஷ் நல்லா வரணும்னா

ஃபினிஷ் சரியில்லன்னதும் புதுசா சிஎன்சி மில்லிங் மெஷின் ஓட்டுறவங்க முதல்ல கை வைக்கிறது ஃபீட்லதான், அதாவது டூல் ஜாப்ல (வெட்டுற துண்டுல) முன்னேறுற வேகம், அதை குறைச்சு குறைச்சு ஓட்டுவாங்க. அலுமினியத்துல இது பெரும்பாலும் வேலைக்கு ஆகாது, ஏன்னா ஃபீட் ரொம்ப குறைஞ்சா டூல் வெட்டாம தேய்க்க ஆரம்பிச்சிடும், சூடேறும், அலுமினியம் முனையில அப்பிக்கும், அப்புறம் அந்த அப்பினதுதான் ஜாப் மேல கீறிட்டே போகும்.

அதனால முதல்ல டூலை கழட்டி லென்ஸ் வச்சு பாருங்க. வெட்டுற விளிம்புல வெள்ளையா திட்டு திட்டா ஒட்டியிருந்தா காரணம் கிடைச்சாச்சு, டூலை மாத்துங்க. 2 அல்லது 3 ஃப்ளூட் (வெட்டுற பல்லு) இருக்குற கார்பைடு எண்ட் மில், கோட்டிங் இல்லாம பாலிஷ் பண்ணது போதும். ஸ்டீலுக்கு வர்ற டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு கோட்டிங் வேணாம், அதுல இன்னும் சீக்கிரம் ஒட்டும்.

அடுத்து டூலைப் பிடிச்சுக்குற கோலெட்டை துடைச்சு டூலை மாட்டுங்க, தேவைக்கு மேல வெளிய நீட்ட வேணாம். நீளம் ரெண்டு மடங்கானா வளையுறது 8 மடங்கு ஆகும். ஜாப்பையும் வைஸ்ல பேரலல் (சம உயரமான ஸ்டீல் கட்டை) மேல நல்லா உக்கார வைங்க.

இப்ப ஃபீட் கணக்கு. 6 மி.மீ. 2 ஃப்ளூட் டூல், 12000 ஆர்பிஎம், ஒரு பல்லுக்கு 0.03 மி.மீ.ன்னு வச்சுக்கோங்க: 12000 × 2 × 0.03 = நிமிஷத்துக்கு 720 மி.மீ. டூலை சுத்துற உங்க ஸ்பிண்டில் 6000தான் போகும்னா ஃபீட் 360, ஆனா அந்த 0.03 மாறக்கூடாது, நான் எதுக்கும் விட்டுக்கொடுக்காத நம்பர் அதுதான்.

ரஃபிங்ல, அதாவது முதல்ல பெரும்பகுதியை வெட்டி எடுக்குறப்ப, பக்கச்சுவர்ல 0.2 மி.மீ. விட்டு வைங்க. ஃபினிஷ் பாஸை (கடைசி வெட்டை) க்ளைம்ப் மில்லிங்ல (வெட்டுற பல்லும் ஜாப்பும் ஒரே திசையில நகருற மாதிரி), முழு ஆழத்துக்கும் ஒரே சுத்துல எடுங்க, படிப்படியா இறங்குனா ஒவ்வொரு படிக்கும் ஒரு கோடு விழும். டூல் நேரா போய் முட்டாம வளைஞ்சு உள்ள நுழையுற மாதிரி ப்ரோக்ராம் பண்ணுங்க, நுழையுற இடத்துல தழும்பு தெரியாது.

சிப்ஸை மட்டும் தேங்க விடாதீங்க, பாக்கெட்டுக்குள்ள (வெட்டுன குழிக்குள்ள) கிடக்குற சிப்பை டூல் திரும்ப வெட்டுனா நல்லா வந்த சுவரும் போச்சு. ஏர் அடிச்சுட்டே இருங்க, கூலண்ட் இருந்தா இன்னும் நல்லது, கண்ணாடி கண்டிப்பா போட்டுக்கோங்க.

மேல்பரப்புல நகத்தால தடவுறப்ப பாஸுக்கு பாஸ் படி தட்டுப்பட்டா ஸ்பிண்டில் டேபிளுக்கு செங்குத்தா இல்லன்னு அர்த்தம், டயல் கேஜ் வச்சு சரி பண்ணாம எந்த செட்டிங்கும் உதவாது. மூலைக்கு போறப்ப மட்டும் கீச்சுன்னு சத்தம் வந்தா மூலை ரேடியஸை விட சின்ன ரேடியஸ் டூல் போடுங்க, அப்பவும் கத்துனா ஆர்பிஎம்மையும் ஃபீடையும் சேர்த்தே இறக்குங்க.