சென்னை – சிங்கப்பூர் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? நாமே கணக்குப் போடலாம்

தூரத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து சென்னை விமான நிலையத்தின் மேல் வலது கிளிக் செய்தால் தூரத்தை அளக்கும் வசதி வரும். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தின் மேல் ஒரு கிளிக், சுமார் 2,900 கிலோமீட்டர் என்று காட்டிவிடும். கிரேட் சர்க்கிள் மேப்பர் தளத்தில் மூன்றெழுத்துக் குறியீடுகளை (சென்னைக்கு எம்ஏஏ, சிங்கப்பூருக்கு எஸ்ஐஎன்) அடித்தாலும் இதே விடைதான். இது உருண்டையான பூமியின் மேல் போகும் மிகக் குறுகிய பாதை. சுவரில் மாட்டிய வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் சிங்கப்பூருக்குப் பெரிய வித்தியாசம் வராது, ஆனால் டெல்லியிலிருந்து நியூயார்க்குக்கு அப்படி அளந்தால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

அடுத்தது நேரம். பெரிய ஜெட் விமானம் உயரத்துக்குப் போனபின் மணிக்கு ஏறக்குறைய 850 கிலோமீட்டர் பறக்கும். 2,900ஐ 850ஆல் வகுத்தால் 3 மணி 25 நிமிடம். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இருக்காது, ஓடுபாதை வரை ஊர்ந்து போக வேண்டும், சில சமயம் வரிசையில் வேறு நிற்க வேண்டும், அதனால் முக்கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். 4 மணி 10 நிமிடம் ஆச்சா? டிக்கெட்டில் இதைவிடக் கொஞ்சம் கூடத்தான் போட்டிருப்பார்கள். காரணம், அது விமானம் இங்கே நிறுத்தத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்கும் வரைக்குமான நேரம், அதில் தாமதத்துக்கும் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். "குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டோம்" என்று பைலட் பெருமையாக அறிவிக்கிறாரே, அதன் ரகசியம் இதுதான்.

சென்னை – யாழ்ப்பாணம் போல விசிறி வைத்த ஏடிஆர் விமானம் ஓடும் தடம் என்றால் 850க்குப் பதில் 500ஆல் வகுங்கள்.

பலரும் குழம்புவது கடிகாரத்தில்தான். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம், சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இரவு 11:15க்குச் சென்னையில் கிளம்பி காலை 6:05க்கு இறங்குகிறது என்றால் ஏழு மணி நேரப் பயணம் போலத் தெரியும். இரண்டரையைக் கழித்தால் 4 மணி 20 நிமிடம்தான். திரும்பி வரும்போது தலைகீழ். அங்கே இரவு 8 மணிக்கு ஏறி இங்கே 9:40க்கு இறங்குவதைப் பார்த்து அசந்துவிடாதீர்கள், இரண்டரையைக் கூட்டுங்கள், 4 மணி 10 நிமிடம்.

இந்தக் கணக்கு எல்லாத் தடத்துக்கும் அப்படியே பொருந்தாது. வடக்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமாக வீசும் ஜெட் காற்றால், லண்டனிலிருந்து டெல்லி வருவதைவிட டெல்லியிலிருந்து லண்டன் போக வழக்கமாகவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுதலாகும். வான்வெளி மூடினாலும் சுற்றித்தான் போக வேண்டும், 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு மூடியபோது வட இந்தியாவிலிருந்து மேற்கே போகும் பயணங்கள் நீண்டுபோனது இதனால்தான்.

விமான நிலையத்துக்கு யாரையாவது அழைக்கப் போகிறீர்கள் என்றால் இத்தனை கணக்கும் வேண்டாம். விமானங்களின் போக்கைக் காட்டும் ஃபிளைட்ராடார்24 தளத்தில் விமான எண்ணைப் போட்டு, கடந்த சில நாட்களில் உண்மையில் எத்தனை மணிக்கு இறங்கியது என்று பாருங்கள். அப்புறம் குடியேற்றச் சோதனைக்கும் பெட்டி வருவதற்கும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்பினால் போதும்.