ரிப்பீட்டர் நமக்குக் கேட்கிறது, நம் குரல் மட்டும் போகவில்லை: புது ஹாம்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக்குத் தேர்வு எழுதி உரிமம் வாங்கியாயிற்று, நம்மை அடையாளம் காட்டும் கால்சைனும் கிடைத்துவிட்டது. மதுரையில் மொட்டை மாடியில் நின்று ஹேண்டியை (கையடக்க வானொலி செட்) திறந்தால், மலை மேல் இருந்து சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டரில் மற்றவர்கள் பேசுவது கணீரென்று விழுகிறது. நாம் கூப்பிட்டால் மட்டும் பதில் இல்லை. உடனே கை ஆன்டெனா விலையைத் தேடப் போகும். கொஞ்சம் பொறுங்கள். பெரும்பாலும் கோளாறு செட்டுக்குள் நாம் போட்ட எண்களில்தான் இருக்கும்.

எல்லாக் குழப்பத்துக்கும் அடிப்படையான தவறு ஒன்று உண்டு. நன்றாகக் கேட்பதால் நம் குரலும் போய்ச் சேரும் என்று நினைப்பதுதான் அது. அங்கே உயரத்தில் நல்ல ஆன்டெனாவும் பல மடங்கு வாட்டும் இருக்கின்றன. நம் கையில் 5 வாட். போதாததற்கு ரிப்பீட்டர் ஓர் அலைவரிசையில் பேசி, வேறொன்றில் கேட்கிறது. இந்தியாவில் நமக்குள்ள 2 மீட்டர் பட்டை (அலைநீளத்தை வைத்து வந்த பெயர்) 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. அதில் ரிப்பீட்டர் பேசும், கேட்கும் அலைவரிசைகளுக்கு நடுவே வழக்கமான இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ். ரிப்பீட்டர் 145.650-ல் பேசுகிறது என்று வைத்துக்கொண்டால், அது கேட்பது 145.050-ல். பி.டி.டி (பேச அழுத்தும் பொத்தான்) அழுத்தியதும் நம் செட் அங்கே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ரிப்பீட்டர் காதில் நாம் விழவே மாட்டோம். பக்கத்துத் தெருவில் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு இடைஞ்சல்தான் மிச்சம்.

பலர் கையில் இருக்கும் பாவ்ஃபெங் யுவி-5ஆர் செட்டில் இதற்கு இரண்டு மெனுக்கள். 25-இல் திசையை மைனஸ் என்று வைக்க வேண்டும், 26-இல் 00.600 என்று இடைவெளியைப் போட வேண்டும். சுழியம் இடம் மாறி 06.000 ஆகிவிட்டால் செட் மறுபேச்சில்லாமல் 139.650-க்குப் போய்விடும். அது நம் பட்டையே அல்ல. அங்கே ஒலிபரப்புவது உரிம மீறல். ஆகவே முதல்முறை பி.டி.டி அழுத்தும்போது கண் திரையில் இருக்கட்டும். எண் சரியாக 600 கிலோஹெர்ட்ஸ் குறைகிறதா என்று பாருங்கள். சேனலாகச் சேமித்த பிறகும் இதையே இன்னொரு முறை செய்யுங்கள். சேமிக்கும்போது இடைவெளி தொலைந்துபோவது சகஜம்.

அடுத்தது டோன். பல ரிப்பீட்டர்கள் குறிப்பிட்ட ஒரு மெல்லிய தொனி கூடவே வந்தால்தான் கதவைத் திறக்கும், 88.5, 100.0, 123.0 ஹெர்ட்ஸ் போல. இதை 13-ஆம் மெனுவில் போட வேண்டும். பழக்கமில்லாதவர்கள் 11-இலும் அதையே போட்டுவிடுவார்கள். அது நாம் கேட்பதற்கான பூட்டு. ரிப்பீட்டர் திருப்பி அந்தத் தொனியை அனுப்பாவிட்டால், அதுவரை கேட்டுக்கொண்டிருந்த செட்டும் ஊமையாகிவிடும். உறுதியாகத் தெரியும்வரை 11-ஐ அணைத்தே வையுங்கள்.

எண்கள் சரியென்றால், ஆளே இல்லாதபோதும் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. யாரும் பேசவில்லை என்று உறுதிசெய்து, பி.டி.டி அழுத்தி, ஒரு நொடி விட்டு, கால்சைனைச் சொல்லி 'டெஸ்டிங்' என்று முடித்துக் கையை எடுங்கள். கால்சைன் சொல்லாமல் சும்மா அழுத்தி அழுத்திப் பார்ப்பது நாகரிகமில்லை. கையை எடுத்ததும் ஓரிரு நொடி ரிப்பீட்டரின் வால் சிக்னல் (நாம் விட்ட பிறகும் அது சற்று நேரம் அனுப்புவது) வந்து, பச்சை விளக்கு எரிந்து அணைந்தால் கதவு திறந்துவிட்டது. இனி பார்க்க வேண்டியது சிக்னலின் பலமும் பேச்சின் தெளிவும்தான். வால் வரவே இல்லையென்றால் இடைவெளி, டோன், சிக்னல் போகும் பாதை மூன்றில் ஒன்றில்தான் கோளாறு. இதைப் பிரித்தறியாமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுகிறவர், எது சரிசெய்தது என்று கடைசிவரை அறியமாட்டார்.

இந்தச் சோதனைக்கு இரண்டாவது ஹேண்டியைப் பக்கத்தில் வைத்துத் தன் குரலையே கேட்க முயல்வோர் உண்டு. ஒரு கை தூரத்தில் 5 வாட் அடிக்கும்போது, 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி வரும் சிக்னலைக் கேட்க முடியாமல் அந்தச் செட் திணறிவிடும். ஒன்றும் கேட்கவில்லை என்பதற்கு அங்கே பொருளே இல்லை. இரண்டாவது செட்டோடு நண்பரைத் தெரு தாண்டி அனுப்பிவைத்துச் சோதியுங்கள்.

பாதை விஷயத்தில் மதுரையின் நிலப்பரப்பு தனி ரகம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அந்த உயரத்து ஆன்டெனாவுக்கு மதுரை வானொலித் தொடுவானத்துக்குள், அதாவது சிக்னல் நேராக எட்டும் எல்லைக்குள்தான் வருகிறது. தொல்லை பெரும்பாலும் நம் பக்கத்தில். நாகமலையின் கிழக்கு அடிவாரத்திலோ யானைமலைக்குக் கிழக்கிலோ நின்றுகொண்டு மேற்கே இருக்கும் ரிப்பீட்டரைப் பிடிக்க முயன்றால் மலையே குறுக்கே நிற்கும். தகரக் கொட்டகைக்கு அடியிலும், கான்கிரீட் வீட்டுக்குள்ளும், கார் கண்ணாடி ஏற்றியிருக்கும்போதும் இதே கதைதான். 5 வாட்டை 10 ஆக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். கூடத்திலிருந்து மொட்டை மாடிக்கு ஏறினால் அதைவிட அதிகம் கிடைக்கும், செலவும் இல்லை. ஆன்டெனாவைச் செங்குத்தாகப் பிடியுங்கள். இடுப்பில் மாட்டிய செட்டின் சிக்னலை உடம்பே பாதி தின்றுவிடும். விட்டுவிட்டுக் கேட்டால் அரை மீட்டர் நகர்ந்து பாருங்கள். 2 மீட்டர் அலைக்கு அந்தத் தூரமே பெரிய வித்தியாசம்.

மாடியில் நிரந்தர ஆன்டெனா வைப்பவர்கள் கேபிளில் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். ஆர்.ஜி. 58 கேபிள் 15 மீட்டர் ஓடினால் இந்தப் பட்டையில் ஏறத்தாழ பாதி சக்தி வழியிலேயே போய்விடும். ஆர்.ஜி. 213 போட்டால் இழப்பு அதில் ஏறத்தாழ பாதிதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கினால் நேற்றுவரை பேசியது இன்று பேசாது. வெளியே உள்ள இணைப்பை ரப்பர் சீல் டேப்பால் இறுக்கிச் சுற்றி, கேபிளைக் கீழ்நோக்கி வளைத்து ஒரு தொங்கல் விட்டு உள்ளே கொண்டுபோங்கள். எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பும் சக்தி ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருவதைக் காட்டும் அளவு) 1.5-க்குள் இருந்தால் நிம்மதி. 3 தாண்டினால் ஒலிபரப்பை நிறுத்திவிட்டுக் கனெக்டரைத் திறந்து பாருங்கள்.

இனி பேச்சு. பி.டி.டி அழுத்திய கணமே பேசினால் முதல் எழுத்துகள் வெட்டுப்படும். டோனை ரிப்பீட்டர் அடையாளம் காண ஒரு நொடி கொடுங்கள். மைக் உதட்டிலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளி இருக்கட்டும். கத்தினால் குரல் சிதையும், பலம் கூடாது. குரல் சன்னமாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னால் யுவி-5ஆர் செட்டின் 5-ஆம் மெனுவில் நேரோ (குறுகிய அலைவரிசை அகலம்) என்று இருக்கிறதா பாருங்கள். பல ரிப்பீட்டர்களில் சுமார் 3 நிமிடத்தில் தானே துண்டிக்கும் டைமர் உண்டு. நடுவில் விட்டு, அடுத்தவர் புக இடம் கொடுங்கள்.

சிக்னல் ரிப்போர்ட் கேட்கும்போது 'எப்படி இருக்கு?' என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கே நிற்கிறீர்கள், எத்தனை வாட், எந்த ஆன்டெனா என்று சேர்த்துச் சொல்லுங்கள். 'தெப்பக்குளம், மூன்றாம் மாடி, 5 வாட், செட்டோடு வந்த ஆன்டெனா' என்றால், கேட்கிற மூத்த ஹாம் உடனே எதை மாற்றலாம் என்று சொல்லிவிடுவார்.