உள்நாட்டு வண்டியா, வெளிநாட்டு வண்டியா? சின்னத்தை விட்டுவிட்டு எதைப் பார்க்க வேண்டும்

2019இல் டொயோட்டா மறுபடியும் கொண்டுவந்த சுப்ராவின் பானட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது பிஎம்டபிள்யூ இன்ஜின். அதோடு வரும் 8 கியர் ஆட்டோமேட்டிக் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனத்துடையது, வண்டியை முழுசாகக் கட்டிக் கொடுத்தது ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் இருக்கும் மேக்னா ஸ்டெயர். முன்னால் மட்டும் டொயோட்டா சின்னம். "ஜப்பான் வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று சொல்பவருக்கு இது ஜப்பான் வண்டியா, ஜெர்மன் வண்டியா?

இதை விதிவிலக்கு என்று தள்ளிவிட முடியாது. வால்வோ கார்கள் 2010 முதல் சீனாவின் ஜீலி கையில். ஜாகுவாரும் லேண்ட் ரோவரும் 2008 முதல் டாடாவிடம். எம்ஜி என்ற பெயர் பிரிட்டனுடையது, முதலாளி சீனாவின் எஸ்ஏஐசி. ஜீப், ஃபியட், பியூஜோ, ஓப்பல் எல்லாம் 2021 முதல் ஸ்டெல்லாண்டிஸ் என்ற ஒரே குடைக்குள். ஆகவே உள்நாட்டு கம்பெனி உழைக்குமா, வெளிநாட்டு கம்பெனி உழைக்குமா என்று கேட்டுக்கொண்டு ஷோரூமுக்குப் போனால் உருப்படியான பதில் கிடைக்காது. இந்த இன்ஜின் எப்படி, இந்த கியர்பாக்ஸ் எப்படி, இந்த வருஷத்து வண்டி எப்படி, கெட்டால் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். ஒவ்வொன்றையும் எப்படித் தெரிந்துகொள்வது என்று கீழே சொல்கிறேன்.

முதலில், ஜப்பான் வண்டி என்றால் நல்லது என்ற பெயர் எங்கிருந்து வந்தது

நாட்டை வைத்து வண்டியை எடைபோடும் பழக்கம் சும்மா வந்துவிடவில்லை. 1970, 80களில் அமெரிக்க வண்டிகளுக்கும் ஜப்பான் வண்டிகளுக்கும் தரத்தில் இருந்த இடைவெளி நிஜமானது, அதை அனுபவித்தவர்கள் பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்தார்கள். ஆனால் அந்த இடைவெளிக்குக் காரணம் என்ன என்பதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. தரத்திலும் தொழிலாளர் தகராறிலும் கெட்ட பெயர் எடுத்து 1982இல் மூடப்பட்டது. 1984இல் அதே கட்டடத்தில் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து நும்மி என்ற கூட்டு நிறுவனத்தை நடத்த ஆரம்பித்தன, வேலைக்கு எடுத்ததும் பெரும்பாலும் அந்தப் பழைய ஆட்களைத்தான். முறை மட்டும் டொயோட்டாவின் முறை: லைனில் கோளாறு கண்ணில் பட்டால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுக்கலாம், சரிசெய்யாமல் வண்டி அடுத்த இடத்துக்குப் போகக் கூடாது. கொஞ்ச காலத்திலேயே அங்கிருந்து நல்ல வண்டிகள் வெளியே வந்தன. அதே மண், அதே ஆட்கள்.

இன்னொரு விஷயமும் அங்கே நடந்தது. அந்த ஆலையில் டொயோட்டா கொரோலாவும் தயாரானது, ஜெனரல் மோட்டார்ஸ் சின்னத்தோடு ஜியோ பிரிஸமும் தயாரானது. உள்ளே இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வண்டி, ஆனால் பழைய வண்டிச் சந்தையில் பிரிஸம் கொரோலாவை விட மலிவாகக் கிடைத்தது. விவரம் தெரிந்தவர்கள் பிரிஸத்தைத் தேடிப் பிடித்தார்கள். சின்னத்துக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வண்டியின் உழைப்பில் ஒரு கிலோமீட்டரைக்கூடக் கூட்டுவதில்லை. இன்றைக்கும் இப்படி இரட்டையர்கள் உண்டு: சுஸுகியின் பலேனோவும் டொயோட்டாவின் கிளான்ஸாவும், சுபாருவின் பிஆர்இசட்டும் டொயோட்டாவின் ஜிஆர்86உம். நீங்கள் பார்க்கும் வண்டிக்கு வேறு சின்னத்தில் ஒரு சகோதரன் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் விலை, வாரண்டி, பக்கத்தில் இருக்கும் சர்வீஸ் சென்டர் மூன்றையும் ஒப்பிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

எங்கே செய்தது என்பதை வண்டியே சொல்லும்

சேசிஸ் நம்பர் என்று சொல்கிறோமே, அது 17 எழுத்தும் எண்ணும் கலந்தது. முன் கண்ணாடியின் கீழ் ஓரத்தில், டிரைவர் கதவுத் தூணில், பதிவுச் சான்றிதழில் எல்லாம் இருக்கும். முதல் எழுத்து ஜே என்றால் ஜப்பான், கே என்றால் கொரியா, எல் என்றால் சீனா, டபிள்யூ என்றால் ஜெர்மனி, 1, 4, 5 என்றால் அமெரிக்கா, எம்ஏ என்று தொடங்கினால் இந்தியா. பல கம்பெனிகள் 10ஆவது இடத்தில் மாடல் வருஷத்தையும் 11ஆவது இடத்தில் தொழிற்சாலையையும் குறிக்கின்றன. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், முதல் எழுத்து அந்த எண்ணை வாங்கிய கம்பெனியின் பதிவைத்தான் காட்டுகிறது, கட்டிய இடத்தை எப்போதும் காட்டாது. ஆஸ்திரியாவில் தயாரான சுப்ராவின் எண்ணும் டபிள்யூவில்தான் தொடங்குகிறது. அதனால் இந்த எண்ணை வைத்து நாட்டைக் கண்டுபிடிப்பதை விட, ரீகால், அதாவது கோளாறைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைத்தது, இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதுதான் பெரிய பயன். கம்பெனியின் இணையதளத்திலோ அரசின் ரீகால் பக்கத்திலோ எண்ணைப் போட்டால், செய்யாமல் விட்ட வேலை எதுவும் பாக்கி இருக்கிறதா என்று பல நாடுகளில் தெரிந்துவிடும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள், தயவு செய்து.

இன்ஜினும் கியர்பாக்ஸும்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

பணத்தைக் கரைக்கும் கோளாறுகள் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் வரும், இதில் எந்த நாட்டுக்கும் விலக்கு கிடையாது. ஹூண்டாயின் தீட்டா 2 இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிக்கும்போது கிராங்க் ஷாஃப்டின் ஆயில் வழியில் உலோகத் துகள் தங்கிப்போய், பேரிங்குக்கு ஆயில் சரியாகப் போகாமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் மடக்கென்று நின்றுவிடும் ஆபத்து இருந்ததால் 2015இல் சொனாட்டாக்களைத் திரும்ப அழைத்தார்கள். கொரிய வண்டி என்றால் இப்படித்தான் என்று அப்போது பேசியவர்கள் 2024ஐயும் பார்க்க வேண்டும்: டொயோட்டா தன் டண்ட்ரா பிக்கப் உள்ளிட்ட சுமார் 1 லட்சம் வண்டிகளை, இன்ஜினுக்குள் கடைசல் துகள் தங்கியிருக்கலாம் என்ற அதே மாதிரிக் காரணத்துக்காகத் திரும்ப அழைத்தது. கொரியா, ஜப்பான் என்ற பேதம் துகளுக்குத் தெரியாது.

அடுத்தது ஃபோர்டின் பவர்ஷிஃப்ட். 2011க்குப் பிறகு வந்த ஃபியஸ்டாவிலும் ஃபோகஸிலும் போட்ட, ஆயிலில் முழுகாத உலர் கிளட்ச் இரண்டு கொண்ட ஆட்டோமேட்டிக். மெதுவாகப் போகும்போது உதறல், நகர ஆரம்பிக்கும்போது இழுபறி என்று வழக்கு வரைக்கும் போனது. ஆனால் அதே ஃபோகஸ், அதே வருஷம், சாதாரண மேனுவல் கியர்பாக்ஸோடு வாங்கியவருக்கு இந்தத் தலைவலியே கிடையாது. பாருங்கள், ஒரே சின்னம், ஒரே மாடல், ஒரே வருஷம், கியர்பாக்ஸ் வேறு என்பதால் அனுபவமே வேறு. ஃபோக்ஸ்வாகனின் 7 கியர் உலர் கிளட்ச் பெட்டிக்கும் 2013இல் பெரிய ரீகால் வந்தது. அதனால் கம்பெனிப் பெயரைப் போட்டு நல்லதா கெட்டதா என்று தேடாதீர்கள். இன்ஜினின் பெயர் அல்லது குறியீடு, கியர்பாக்ஸின் வகை, வருஷம், இந்த மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். அப்புறம் பாருங்கள், கருத்துச் சண்டைகள் குறைந்து குறிப்பான கோளாறுகள் வெளியே வரும்.

இந்த உலர் கிளட்ச் வகை கியர்பாக்ஸ் உள்ள பழைய வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது ஹைவேயில் வேகமாகப் போய்ப் பார்ப்பதில் பிரயோஜனம் குறைவு. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, நெரிசலில் ஊர்ந்து போகிற மாதிரி பிரேக்கை விட்டு, ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும், முடிந்தால் லேசான ஏற்றத்தில் நகர்த்துங்கள். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும் இடத்தில் சீட் வழியாக ஒரு நடுக்கம் தெரிகிறதா என்று கவனியுங்கள். தெரிந்தால், கிளட்ச் செட் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள், மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆயிலுக்குள்ளேயே ஓடும் டைமிங் பெல்ட் (இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் பெல்ட்) இன்னொரு சங்கதி. பியூஜோ, சிட்ரோயனின் 1.2 பியூர்டெக் இன்ஜின்களில் பல வருஷம் இந்த அமைப்புதான் இருந்தது, ஓப்பல் வண்டிகள் சிலவற்றுக்கும் அதே இன்ஜின் போனது, ஃபோர்டின் 1 லிட்டர் ஈகோபூஸ்டிலும் இதே யோசனை. குறைந்த தூரமே ஓட்டி ஓட்டி ஆயிலில் பெட்ரோல் கலந்தால் பெல்ட் ஊறிப் பெருத்து, ஓரம் பிய்ந்து, அந்தத் துணுக்குகள் ஆயில் பம்பின் சல்லடையை அடைத்துவிடும். ஆயில் பிரஷர் விழுந்தால் இன்ஜின் கதை முடிந்தது. பியூர்டெக்கில் ஒரு வசதி, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் பெல்டின் முதுகு தெரியும். வெடிப்பு இருக்கிறதா, ஓரம் நூல் பிரிந்திருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். பெல்ட் எவ்வளவு அகலமாகிவிட்டது என்று அளக்க அதே துவாரத்துக்குள் விடும் கேஜ் ஒன்று மெக்கானிக்கிடம் இருக்கும். பின்னால் வந்த பதிப்புகளில் பெல்டுக்குப் பதில் செயின் போட்டுவிட்டார்கள், ஆகவே எந்த வருஷத்து இன்ஜின் என்பதுதான் இங்கே எல்லாம்.

புது இன்ஜின் வந்த முதல் வருஷ வண்டியை எந்த நாட்டுக் கம்பெனியாக இருந்தாலும் நான் தவிர்ப்பேன். இரண்டு வருஷமாவது சாலையில் ஓடி, புகார் வந்து, திருத்தம் ஆகி வரட்டும். டிசைன் கொஞ்சம் பழசாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, அதே மாடல் நிறுத்தப்படுவதற்கு முந்தைய வருஷத்து வண்டிகள்தான் பெரும்பாலும் அமைதியாக உழைக்கின்றன.

தரப்பட்டியல்களை எப்படி வாசிப்பது

அமெரிக்காவின் ஜே.டி. பவர் நிறுவனத்தின் நம்பகத்தன்மை ஆய்வில் 3 வருஷ வண்டிகளின் முதல் உரிமையாளர்களைக் கேட்டு, 100 வண்டிக்கு எத்தனை புகார் என்று கணக்கிடுகிறார்கள். போன் புளூடூத்தில் இணையவில்லை என்பதும் அதில் ஒரு புகார், கியர்பாக்ஸ் போய்விட்டது என்பதும் ஒரு புகார். சமீப வருஷங்களில் அதிகப் புகார் வாங்குவது தொடுதிரைச் சமாச்சாரங்கள்தான். ஆகவே ஒரு கம்பெனி பட்டியலில் கீழே இருந்தால் உடனே ஒதுக்காதீர்கள், எதில் புள்ளி போனது என்று பாருங்கள். அதே நிறுவனத்தின் ஆரம்பத் தர ஆய்வு வாங்கிய முதல் 90 நாளை மட்டும் பார்ப்பது, விளம்பரத்தில் எந்தக் கோப்பை காட்டுகிறார்கள் என்று கவனியுங்கள்.

ஜெர்மனியின் டியூவி அறிக்கை வேறு வகை. கட்டாயத் தகுதிச் சோதனையில் கண்ட குறைகளை வயது வாரியாகப் போடுகிறார்கள், 12, 13 வருஷ வண்டிகள் வரைக்கும் இருக்கும். பிரேக், விளக்கு, சஸ்பென்ஷன், துரு எப்படித் தாங்குகின்றன என்று அறிய இது அருமை, ஆனால் கியர்பாக்ஸ் கெட்டுச் செலவு வைத்த கதை இதில் ஏறாது. அதே நாட்டின் அடாக் அமைப்பு, நடுவழியில் நின்ற வண்டிகளுக்கு உதவப் போன கணக்கை வெளியிடுகிறது. அதில் வருஷா வருஷம் முதலிடம் சாதாரண 12 வோல்ட் பேட்டரிக்குத்தான். நாட்டுப்பற்றும் வேண்டாம், வெளிநாட்டு மோகமும் வேண்டாம், பேட்டரியை நேரத்துக்கு மாற்றினாலே நடுரோட்டில் நிற்பது பாதி குறையும் போலிருக்கிறது.

நாடு நிஜமாகவே கணக்கில் வரும் இடம்

ஒரு இடத்தில் மட்டும் உள்நாடு வெளிநாடு என்ற கேள்விக்கு முழு மதிப்பு உண்டு: ஸ்பேர் பார்ட்ஸ். வண்டி அரிதாகவே கெட்டாலும், கெட்டபோது ஒரு சென்சார் கப்பலில் வரும்வரை 2 மாதம் ஷெட்டில் தூங்கினால் அது நம்பகமான வண்டி இல்லை. கம்பெனியே நாட்டை விட்டுக் கிளம்பிவிடுவதும் நடக்கிறது. சுஸுகி 2012இல் அமெரிக்காவில் கார் விற்பதை நிறுத்த முடிவெடுத்தது, ஃபோர்டு 2021இல் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாகச் சொன்னது, ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் பெயரையே ஜெனரல் மோட்டார்ஸ் 2020இல் கைவிட்டது. ஹோல்டன் அந்த நாட்டுக்காரர்களுக்கு உள்நாட்டு வண்டி என்பதையும் கவனியுங்கள், சொந்த ஊர்ப் பெயர் என்பதற்காக யாரும் நிலைத்து இருந்துவிடுவதில்லை.

சோதிப்பது சுலபம். வாங்க நினைக்கும் வண்டிக்கு ஹெட்லைட், முன் கண்ணாடி, கிளட்ச் செட் அல்லது கியர்பாக்ஸ் ஆயில், முன் சஸ்பென்ஷன் ஆர்ம், ஏசி கம்ப்ரசர் ஆகியவற்றின் விலை என்ன, எத்தனை நாளில் வரும் என்று பார்ட்ஸ் கவுண்டரில் போனில் கேளுங்கள். விற்பனைப் பிரிவில் கேட்காதீர்கள், அவர்கள் எல்லாம் ஸ்டாக் இருக்கிறது என்பார்கள். அப்புறம் கம்பெனிக்கு வெளியே இருக்கும் ஒரு மெக்கானிக்கிடம், இந்த வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் உங்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் தலையைச் சொறிந்தால், வாரண்டி முடிந்த பிறகும் சர்வீஸ் சென்டரே கதி என்று அர்த்தம்.

பார்ட்ஸிலும் ஒரு எச்சரிக்கை, பாதுகாப்புப் பாகங்களை எல்லா நாட்டுக் கம்பெனிகளும் ஒரே ஆளிடம் வாங்குவது உண்டு. ஜப்பானின் டகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக்கில் வெப்பமும் ஈரமும் பட்டுப் பட்டு வாயு உண்டாக்கும் ரசாயனம் கெட்டுப்போய், வெடிக்கும்போது உலோகத் துண்டுகள் முகத்தில் பாய்ந்து உயிர்கள் போயின. உலகம் முழுக்க ஏர்பேக்கை ஊத வைக்கும் இன்ஃப்ளேட்டர்கள் சுமார் 10 கோடியைத் திரும்ப அழைத்தார்கள், அதில் ஹோண்டா, டொயோட்டா, பிஎம்டபிள்யூ, ஃபோர்டு என்று எல்லோரும் உண்டு. இன்னும் மாற்றாத பழைய வண்டிகள் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. வெக்கையும் புழுக்கமும் உள்ள இடத்தில் ஓடிய 2000களின் வண்டி என்றால், மேலே சொன்ன ரீகால் தேடலை இரண்டு முறை செய்யுங்கள், ஏர்பேக் மாற்றியதற்கான ரசீதையும் கையில் வாங்குங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகு இரண்டு வண்டிகள் சமமாக வந்து நின்றால், உங்கள் நாட்டிலேயே தயாராகி, இன்னும் விற்பனையில் இருந்து, தெருவில் நிறைய ஓடுகிற வண்டியை எடுங்கள், சின்னம் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் சரி. நிறைய ஓடுகிற வண்டிக்கு வெளிச்சந்தையில் பார்ட்ஸ் செய்ய ஆள் இருப்பார்கள், அதன் கோளாறு எல்லாம் மெக்கானிக்குக்கு ஏற்கனவே அத்துப்படியாகி இருக்கும், கம்பெனி மூட்டை கட்டிப் போனாலும் இன்னும் பத்து வருஷத்துக்காவது பாகம் கிடைக்கும்.