பைக்குக்கு நாமே செய்யும் ஜிபிஎஸ் ஸ்டாண்ட்: எங்கே தவறுகிறோம்?

வழி பார்க்க ஹேண்டில்பாரில் மொபைலை மாட்டும் ஸ்டாண்ட் எதுவானாலும், வண்டி நிற்கும்போது உறுதியாகத்தான் தெரியும். கையால் ஆட்டிப் பார்த்து, அசையவில்லை என்றதும் மொபைலைப் பொருத்திக் கிளம்பிவிடுகிறோம். நானும் அப்படித்தான் கிளம்பினேன். பிவிசி பைப்பைச் சூடுகாட்டித் தட்டையாக்கி, தொட்டில் போல வளைத்து, ஹோஸ் கிளிப்பால் ஹேண்டில்பாரில் முடுக்கியிருந்தேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறும்வரை ஒரு குறையும் தெரியவில்லை. மேலே போய் வண்டியைத் திருப்ப ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்க ஒடித்தபோது, ஸ்டாண்டின் மூலை டேங்கில் முட்டி நின்றுவிட்டது. ஹேண்டில் அதற்குமேல் திரும்பவில்லை. காலை ஊன்றிச் சமாளித்தேன். டேங்கில் பிறை வடிவத்தில் பெயின்ட் உரிந்த தடம் இன்னும் இருக்கிறது. இறக்கத்தில், ஒரு வளைவின் நடுவே அது நடந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு படபடக்கிறது.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது ஹேண்டிலைத்தான். மொபைலையும் பொருத்தி, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இரண்டு பக்கமும் லாக் ஆகும்வரை ஒடித்துப் பாருங்கள். பிறகு நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு மறுபடியும் ஒடியுங்கள். ஒடிக்கும்போது இன்ஜின் சத்தம் தானாக ஏறினால், ஸ்டாண்டோ அதன் வயரோ ஆக்சிலரேட்டர் கேபிளை இழுக்கிறது என்று அர்த்தம். கிளட்ச் கேபிளையும் பிரேக் ஹோஸையும் கிளிப்புக்குள் சேர்த்து முடுக்குவது அதைவிட ஆபத்து.

அடுத்தது பொருள். பிவிசி சுமார் 80 டிகிரியில் இளகும். 3டி பிரின்டரில் அச்சிடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியை ஒட்டியே தளர ஆரம்பித்துவிடும். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியில் கறுப்பு நிறப் பாகம் எவ்வளவு சுடும் என்பது தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 3 மி.மீ. அலுமினியப் பட்டையே போதும். விலையும் குறைவு, ரம்பத்தால் வீட்டிலேயே அறுக்கலாம். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் ஹேண்டில்பார் கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் 22 மி.மீ. விட்டம் கொண்டது. அதற்குமேல் பழைய சைக்கிள் டியூபை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிளாம்பை முடுக்கினால் வழுக்காது, குரோமும் கீறாது.

ஆனால் ஸ்டாண்டை உண்மையில் சோதிப்பது அதிர்வுதான். இங்கேதான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று ஸ்டாண்டின் கையை நீளமாக விடுகிறோம். நீளம் கூடக் கூட நுனியில் ஆட்டமும் கூடும். சிங்கிள் சிலிண்டர் இன்ஜின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வரும்போது திரையில் எழுத்தே படிக்க முடியாது. கையை முடிந்த அளவு குட்டையாக்குங்கள். சாதாரண நட்டும் ஸ்பிரிங் வாஷரும் போட்டுத் திருப்திப்படாமல், உள்ளே நைலான் வளையம் வைத்து எளிதில் கழலாதபடி செய்த நைலாக் நட் போடுங்கள். நட் கழலாமல் இருக்கத் தடவும் திரெட் லாக்கர் பசையைப் பிளாஸ்டிக் பாகத்தின் பக்கமே கொண்டுபோக வேண்டாம், ஏபிஎஸ், பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக் வகைகளில் அது விரிசல் விழவைக்கும்.

மொபைலுக்கும் அதிர்வு ஆகாது. சக்தி வாய்ந்த பைக் இன்ஜின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. ஸ்கூட்டர், மொபெட் என்றாலும் அதிர்வைத் தணிக்கும் ஸ்டாண்ட்தான் நல்லது என்றும் சொன்னது. எனவே பட்டைக்கும் தொட்டிலுக்கும் நடுவே ரப்பர் புஷ் வையுங்கள். தொட்டிலைப் பட்டையில் நேரடியாக முடுக்குவதும் தவறு, குழைந்து தொங்கும் அளவு ஸ்பாஞ்ச் வைப்பதும் தவறு. முடிந்தால் கேமரா கெட்டாலும் கவலைப்படாத பழைய போனையே மாட்டுங்கள்.

மழைக்குப் பயந்து மொபைலை டிபன் பாக்ஸில் அடைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எவர்சில்வர் மூடி ஜிபிஎஸ் சிக்னலை மறைத்துவிடும். சுமார் 20,000 கி.மீ. உயரத்திலிருந்து வரும் மெல்லிய சிக்னல் அது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடியென்றால் சிக்னல் வரும், ஆனால் வெயிலில் உள்ளே அடுப்பு மாதிரி ஆகிவிடும். காந்தம் வைத்த பிடிப்பும் வேண்டாம், மொபைலின் திசைகாட்டி குழம்பும்.

சார்ஜர் வயரை பேட்டரியிலிருந்து எடுத்தால் பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் போடுங்கள். ஹேண்டில் திரும்ப வயரில் தாராளமாக இளக்கம் விடுங்கள்.

ஓட்டும்போது கையடக்கக் கருவியை வழி பார்க்க மட்டும், அதுவும் கவனம் சிதறாதபடி பயன்படுத்தலாம் என்று 2020-ல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதி சொல்கிறது. ஸ்பீடோமீட்டரை மறைக்காமல், பார்வையைச் சற்றே தாழ்த்தினால் தெரியும் இடத்தில் வையுங்கள். பட்டையின் வெட்டிய முனை மார்பை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கவே கூடாது. விழுந்தால் உடம்பு முன்னால்தான் போகும். முனையை அரத்தால் ராவி உருட்டுங்கள்.

எல்லாம் முடிந்ததும் உடனே மொபைலை மாட்டிக் கிளம்பாதீர்கள். அதே எடையில் ஒரு மரத்துண்டைக் கட்டி, தெருவில் இருப்பதிலேயே மோசமான பள்ளங்களில் நாலு ரவுண்டு போங்கள். போகும் முன் ஒவ்வொரு நட்டின் மேலும் பட்டையின் மேலும் சேர்த்து நெயில் பாலிஷால் ஒரே கோடு இழுத்துவிடுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது கோடு உடைந்து விலகியிருந்தால், அந்த நட் கழன்றுகொண்டிருக்கிறது.